பிரசவ அறையும் படிப்பறையும்

நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை

 

செயலாளர் அவர்கள் பத்து நாட்களுக்கு முன் நம் இல்லத்துக்கு வந்து, 'இவ்வாண்டு நீங்களும் இருபது நிமிடம் பேச வேண்டும்' என்று பணித்தார். சென்ற ஆண்டுகளில் இம்மேடையில் சிலம்பின் சிறப்பையும் கம்பனின் கவிநயத்தையும் கற்றறிந்தோர் எடுத்துரைக்கக் கேட்டு மகிழ்ந்திருக்கிறோம். பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்டு, இருபது ஆண்டுகளாக ரயில்வே அலுவலகத்தில் விடுப்புக் கணக்கு எழுதி வரும் நமக்கு அத்துறையில் வாய் திறக்கும் தகுதி இல்லை. ஆகையால் நமக்குத் தெரிந்த விடுப்பு விதியிலிருந்தே பொருளை எடுத்துக்கொண்டோம். பணியில் இருக்கும் மருத்துவச்சிகள் பணியை விடாமல் மேற்படிப்புப் படிக்க வழியுண்டா என்பதே அப்பொருள். 'ஆண்பிள்ளைக்குப் பிரசவத்தைப் பற்றி என்ன பேச்சு?' என்று பின்வரிசையில் இரண்டு பாட்டிமார் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வது இங்கிருந்தே தெரிகிறது. சற்றுப் பொறுத்தருள வேண்டும். இப்பேச்சில் பாதிக்கு மேல் நம் இல்லத்தரசியார் சொல்லித் தந்தது. 'நாம்' என்று சொல்வதும் அதனால்தான், பெருமைக்காக அன்று.

மருத்துவச்சி என்றதும், ஊரில் நம் பாட்டி காலத்தில் வெற்றிலைப் பையோடு வந்து அமர்ந்த மூதாட்டியை மட்டும் நினைத்துக்கொள்ள வேண்டாம். நம் நாட்டில் செவிலிப் படிப்பு முடிப்பவர் செவிலியாகவும் மருத்துவச்சியாகவும் ஒருசேரப் பதிவு பெறுகிறார். மகப்பேற்று அறையில் பணிசெய்யும் நர்ஸ் அம்மாவே நாம் பேசும் மருத்துவச்சி. இக்கலையைப் பள்ளி வைத்துக் கற்பிக்கும் வழக்கம் தமிழகத்துக்குப் புதிதன்று. சென்னையில் 1844-இல் அரசாங்க மகப்பேற்று மருத்துவமனை தோன்றியது. இன்றும் எழும்பூரில் அது இருக்கிறது. 1854-இல் சென்னையில் மருத்துவச்சிப் பள்ளிக்கு அரசாங்கம் அனுமதி வழங்கியதாகச் செவிலியர் வரலாற்று நூல்கள் கூறும். அவ்வழியில் வந்த தமிழ்ப் பெண்கள் இந்தியாவின் எந்த மூலையிலுள்ள மருத்துவமனையிலும் இருக்கிறார்கள். நம் காலனியிலேயே இருக்கிறார்கள்.

அவர்களுள் ஒரு சகோதரியின் கதையைச் சொல்ல வேண்டும். பெயர் வேண்டா, அவருடைய அனுமதி பெற்றே சொல்கிறோம். தென்கோடித் தமிழகத்திலிருந்து பி.எஸ்ஸி. நர்ஸிங் முடித்து வந்து, மத்திய அரசு விதிகளுக்கு உட்பட்டதொரு மருத்துவமனையில் பதினாறு ஆண்டுகளாகப் பணிபுரிகிறார்; அதில் ஒன்பது ஆண்டு பிரசவ அறையில். கணவர் சரக்கு ரயிலில் கார்டு. 2022 முதல் அவரை டிரெயின் மேனேஜர் என்று அழைக்க வேண்டும். ஆனால் பெயர் மாறினாலும் அழைப்பு வரும் நேரம் மாறவில்லை. நள்ளிரவு என்றால் நள்ளிரவு, பண்டிகை என்றால் பண்டிகை. பிள்ளைகள் இருவர். மாமியார் முழங்கால் வலியோடு அடுப்படியைக் காத்து வருகிறார்.

மூன்றாண்டுகளுக்கு முன் ஒருநாள் மாலை அச்சகோதரி நம் வீட்டுக் கதவைத் தட்டினார். விடுப்பு விதி என்றால் காலனியில் தட்டப்படும் கதவு நம்முடையது. 'அண்ணா, மகப்பேறு செவிலியியலில் எம்.எஸ்ஸி. படிக்க ஆசை. இரண்டாண்டுப் படிப்பு. படிப்பு விடுப்பு கிடைக்குமா?' என்று கேட்டார். நாம் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, மனப்பாடமாக ஒப்புவித்தோம்: ஐந்தாண்டு சேவை வேண்டும், படிப்பு பணியோடு நேரடித் தொடர்புடையதாக இருக்க வேண்டும், திரும்பி வந்தபின் மூன்றாண்டு பணிசெய்வதாகப் பத்திரம் எழுதித் தர வேண்டும், பணிக்காலம் முழுவதற்கும் சேர்த்து 24 மாதம், ஒரே தடவையில் 12 மாதத்துக்கு மேல் இல்லை. 'ஆக, இரண்டாண்டுப் படிப்புக்கு இவ்விதி உதவாதம்மா' என்று முடித்தோம். சகோதரி நன்றி கூறிச் சென்றார். விண்ணப்பிக்கவில்லை.

அன்பர்களே, நாம் கூறியது பிழை. விதியின் ஆங்கில வாசகத்தில் 'ஆர்டினரிலி' என்றொரு சொல் இருக்கிறது. சாதாரணமாக 12 மாதம் என்பதே விதி. தக்க காரணம் காட்டினால் அதற்கு மேலும் ஒரே தடவையில் தர அதிகாரிக்கு இடமுண்டு. நம் மேசைக்கு இருபதாண்டில் வந்த படிப்பு விடுப்பு மனுக்கள் ஐந்தாறுதான். அவையும் குறுகிய படிப்புகளுக்கு. அதனால் அச்சொல்லின் மேல் கண் நின்றதில்லை. எட்டு மாதம் கழித்து வேறொரு கோப்பைப் பார்க்கையில் அது கண்ணில் பட்டது. அன்றிரவு நமக்கு உணவு இறங்கவில்லை. மறுநாள் சென்று உண்மையைச் சொன்னோம். சகோதரி கோபிக்கவில்லை. 'போகட்டும் அண்ணா. ஆனால் அடுத்த வருஷம் பெரியவள் பத்தாம் வகுப்பு. அப்போது நான் நகர முடியாது. அதற்கடுத்த வருஷம் மாமியாருக்கு அறுவை சிகிச்சை' என்றார். பிறகு சற்றுநேரம் மௌனமாக இருந்துவிட்டுக் கேட்டார்: 'நான் படிப்பைத் தேடிப் போக வேண்டுமென்றே எல்லாரும் சொல்கிறார்கள். நான் நிற்கிற இடத்துக்குப் படிப்பு வராதா?'

இந்தக் கேள்விக்கு விடை தேடியே மூன்றாண்டு பலரைக் கேட்டும் படித்தும் பார்த்தோம். தேடியதில் கிடைத்ததைத்தான் இன்று உங்கள் முன் வைக்கிறோம்.

முதலில், பதினாறு ஆண்டு அனுபவமுள்ளவருக்கு இனி என்ன படிப்பு என்ற ஐயம் எழலாம். நமக்கும் எழுந்தது. அதற்குச் சகோதரியே தந்த விடையை, அவையடக்கத்தோடு சொல்கிறோம். அவர் கல்லூரியில் படித்தபோது, கருப்பை வாய் 4 சென்டிமீட்டர் விரிந்ததும் பிரசவத்தின் வேகப் பருவம் தொடங்கிவிட்டது என்று கொள்ள வேண்டும்; அதன்பின் மணிக்கு 1 சென்டிமீட்டராவது விரிய வேண்டும்; தாமதித்தால் தலையிட வேண்டும் என்பது பாடம். வரைபடத்தில் கோடு கிழித்துப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். 2018-இல் உலக சுகாதார நிறுவனம் அக்கணக்கை மாற்றியது. வேகப் பருவம் 5 சென்டிமீட்டரில் தொடங்குகிறது என்றும், மணிக்கு 1 சென்டிமீட்டர் என்பது சில பெண்களுக்கு இயலாத வேகம் என்றும், மெதுவாக விரிகிறது என்பது ஒன்றையே காரணமாக்கித் தலையிடுதல் கூடாது என்றும் கூறியது. 2020-இல் பழைய வரைபடத்துக்குப் பதில் புதிய படிவமும் தந்தது. இம்மாற்றம் தெரிந்த மருத்துவச்சி ஒரு தாயின் கையைப் பிடித்துக்கொண்டு இன்னும் இரண்டு மணி நேரம் காத்திருப்பார். தெரியாதவர் அறுவைக்கு ஆளனுப்பிவிடுவார். இருவரும் நல்லவர்கள்தாம், படித்த ஆண்டுதான் வேறு.

இன்னொன்று. பிள்ளை பிறந்தபின் பெருகும் குருதியைக் கண்ணால் பார்த்து மதிப்பிடுவதே நெடுங்கால வழக்கம். கண் குறைத்தே மதிப்பிடும் என்று தெரிந்தவர் சொல்கிறார்கள். ஆப்பிரிக்காவின் நான்கு நாடுகளில் ஏறத்தாழ 80 மருத்துவமனைகளில் நடந்து, 2023-இல் முடிவு வெளிவந்த ஆராய்ச்சியில், அளவுக்கோடிட்ட விரிப்பொன்றைத் தாயின் கீழ் இட்டுக் குருதியை அளந்தார்கள். அளவு மீறியதும், மருந்துகளையும் மற்றச் சிகிச்சைகளையும் ஒன்றன்பின் ஒன்றாகக் காத்திராமல் ஒருசேரச் செய்தார்கள். கடுங் குருதிப்போக்கும் அதன் விளைவான தீங்குகளும் 60 விழுக்காடு குறைந்தன. பெரிய இயந்திரம் ஒன்றும் இதற்குத் தேவைப்படவில்லை. ஒரு விரிப்பும், அதைப் பார்த்ததும் என்ன செய்வது என்ற அறிவும் போதுமாயிருந்தன.

நாடு முழுவதையும் நோக்குவோம். 2004–06-இல் நம் நாட்டில் ஓர் இலட்சம் உயிர்ப் பிறப்புக்கு 254 தாய்மார் இறந்தனர். 2018–20-இல் அது 97 ஆகக் குறைந்தது. மருத்துவமனையில் பிள்ளை பெறுவோர் 2005–06-இல் நூற்றுக்கு 39 பேர். 2019–21-இல் 89 பேர். மகிழத்தக்க செய்தி. ஆனால் அதே 2019–21 கணக்கில் நாடு முழுதும் நூற்றுக்கு 21 பிரசவம் அறுவையால் நிகழ்ந்திருக்கிறது. நம் தமிழகத்தில் 45. நாம் பிழைக்க வந்திருக்கும் இந்தத் தெலங்கானாவிலோ 61. நாடளவில் நூற்றுக்குப் பத்தைத் தாண்டிய பின் அறுவை மிகுவதால் இறப்பு குறைவதாகத் தெரியவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2015-இலேயே கூறியிருக்கிறது. அறுவை உயிர் காப்பது, வேண்டியவர்க்கு வேண்டும். நம் வீட்டு மூத்த பிள்ளையும் அறுவையால் பிறந்தவனே. வேண்டாதவர்க்கு ஏன் என்பதுதான் கேள்வி. மக்கள் மருத்துவமனைக்கு வந்துவிட்டார்கள். வந்தவர்களை இயற்கையாகப் பெறச் செய்யும் கை அங்கே போதிய அளவு இருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. அக்கை மருத்துவச்சியுடையது.

இதை அரசாங்கமும் உணராமல் இல்லை. ஹைதராபாதின் பெர்னாண்டஸ் மருத்துவமனை 2011-இல் தனியாக மருத்துவச்சிப் பயிற்சியைத் தொடங்கியது. 2017-இல் தெலங்கானா அரசு அம்மருத்துவமனையோடும் யூனிசெஃபோடும் சேர்ந்து, கரீம்நகரில் பணியிலுள்ள அரசுச் செவிலியர்க்கு 18 மாதப் பயிற்சியை ஆரம்பித்தது. 2018 டிசம்பரில் மத்திய அரசு நாடு முழுவதற்குமான மருத்துவச்சிப் பணி வழிகாட்டு நெறியை வெளியிட்டது. பதிவு பெற்ற செவிலியை 18 மாதம் பயிற்றி, சிக்கலற்ற பிரசவத்தைத் தாமே பொறுப்பேற்று நடத்தும் நிலைக்கு உயர்த்துவது அதன் நோக்கம். இவற்றை நாம் மனமாரப் போற்றுகிறோம். எனினும் 18 மாதம் என்பது கைக்குழந்தையுள்ள பெண்ணுக்கு எவ்வளவு நீளம் என்று இங்குள்ள தாய்மார்க்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

முதுநிலைப் பட்டமோ, டில்லி ராஜகுமாரி அம்ருத் கௌர் செவிலியர் கல்லூரியில் 1959-இல் நாட்டிலேயே முதன்முதலாகத் தொடங்கிய காலம்தொட்டுப் பெரும்பாலும் ஒரே வடிவில்தான் இருந்து வருகிறது: முழுநேரமாக இரண்டாண்டு. பட்டம் இல்லாமல் பட்டயம் மட்டும் பெற்றவராயின் அதற்கு முன் இன்னும் இரண்டாண்டு. இளம்பெண் ஒருத்தி, மணமாகு முன், கல்லூரி விடுதியில் தங்கிப் படிப்பதற்கு ஏற்ற அமைப்பு அது. பிரசவ அறையில் நாற்பது வயது வரை நின்று, என்ன தெரியவில்லை என்று தெரிந்துகொண்டவருக்கு ஏற்ற அமைப்பாக இல்லை. உண்மையில் படிப்பால் மிகுந்த பயன் பெறுபவர் இந்த இரண்டாமவர்தாம் என்பது நம் தாழ்மையான கருத்து. ஒவ்வொரு பக்கத்தைப் புரட்டும்போதும் அவருக்கு ஒரு தாயின் முகம் நினைவுக்கு வருமே!

'அஞ்சல் வழியில் படிக்கலாமே' என்று நண்பர் ஒருவர் எளிதாகச் சொன்னார். இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1990-களில் பணியிலுள்ள செவிலியர்க்காக இளநிலைப் பட்டப் படிப்பொன்றைத் தொலைநிலையில் தொடங்கியது. வீட்டில் பாடப்புத்தகம், குறித்த நாட்களில் நிலையத்துக்குச் சென்று செய்முறைப் பயிற்சி என்ற முறை. நாமறிந்த பெண்மணிகள் சிலர் அதில் படித்து முன்னேறியிருக்கிறார்கள். ஆனால் 2020-இல் பல்கலைக்கழக மானியக் குழு வெளியிட்ட விதிகளில், தொலைநிலையில் நடத்தக் கூடாத துறைகளின் வரிசையில் செவிலியியலும் இடம்பெற்றது. அதைப் படித்தபோது முதலில் நமக்குச் சினமே வந்தது. பிறகு ஆற அமர எண்ணினோம்.

நம் காலனியில் எத்தனையோ லோகோ பைலட்டுகள் இருக்கிறீர்கள். உங்களில் எவரேனும் அஞ்சலில் வந்த பாடத்தைப் படித்து எஞ்சின் ஓட்டக் கற்றதுண்டா? புதிய பாதையில் வண்டியோட்டு முன் அப்பாதை தெரிந்தவரோடு பலமுறை சென்று வழி பழகுகிறீர்கள். சில மாதம் அப்பாதைக்குப் போகாதிருந்தால், அனுபவம் முப்பதாண்டு ஆனாலும், மறுபடி வழி பழகியே தீர வேண்டும். கையால் செய்யும் தொழிலைக் கடிதத்தில் கற்க முடியாது. கால் முதலில் வரும் பிள்ளையைத் தாளில் படித்து எடுத்துவிட இயலுமா? இங்கிலாந்தில் மருத்துவச்சியாகப் பதிவு பெறவே மாணவி 40 பிரசவங்களைத் தம் கையால் நடத்தியிருக்க வேண்டும். ஆகவே அத்தடையில் நியாயம் இல்லாமல் இல்லை என்று ஒப்புக்கொண்டோம்.

ஆனால், ரயில்வேயின் உவமையை அதோடு நிறுத்திவிடலாகாது. வழி பழகப் போகும் ஓட்டுநர் விடுப்பிலா போகிறார்? மௌலாலியிலுள்ள பயிற்சி நிலையத்துக்கு நம் சகோதரியின் கணவர் புத்தாக்கப் பயிற்சிக்குச் செல்கிறார். அன்றைய வருகைப் பதிவேட்டில் அவர் பெயருக்கு நேரே நாம் எழுதுவது 'பணியில்' என்பது. சம்பளம் குறையாது, விடுப்புக் கணக்கு கரையாது, பத்திரம் எழுதித் தரவும் வேண்டாம். ஏனெனில் அவர் அறிந்துகொள்வது வண்டியின் பாதுகாப்புக்கு என்று ரயில்வே கருதுகிறது. அதே வீட்டில் மனைவி படிக்க வேண்டுமென்றால் அது அவருடைய சொந்த ஆசையாகிவிடுகிறது. விடுப்பு என்ற தலைப்பின்கீழ் விழுகிறது. இருபதாண்டாக இப்பத்திகளைத் தனித்தனியே நிரப்பி வந்தோம். ஒரே வீட்டில் கணவர் ஒரு பத்தியிலும் மனைவி வேறொரு பத்தியிலும் விழுவதை இச்சகோதரி வந்த பிறகே கவனித்தோம்.

பிள்ளைப் பராமரிப்பு விடுப்பு என்று 730 நாள் உண்டு. பிள்ளையின் தேர்வுக்காக அதைத் தாய் எடுக்கலாம். தம் தேர்வுக்காகத் தாய் எடுக்க முடியாது! விதியைக் குறை கூறவில்லை. அது வேறு நோக்கத்துக்கு எழுதப்பட்டது. மத்திய சுகாதாரப் பணி மருத்துவர்கள் முதுநிலைப் படிப்புக்கு 36 மாதம் வரை படிப்பு விடுப்புப் பெற விதியில் தனியே இடம் செய்திருக்கிறார்கள் என்பதையும் போகிற போக்கில் குறிப்பிட்டு வைக்கிறோம்.

சரி, வேறு நாட்டில் எவ்வாறு? இங்கிலாந்தில் 1902-லேயே மருத்துவச்சிகளுக்கெனத் தனிச் சட்டம் வந்துவிட்டது. அங்கே முதுநிலைப் படிப்பைத் துண்டு துண்டாக வகுத்திருக்கிறார்கள். முழுப் பட்டத்துக்கு 180 மதிப்பலகு. 60 சேர்ந்தால் ஒரு சான்றிதழ்; 120 சேர்ந்தால் பட்டயம்; 180 நிறைந்தால் பட்டம். பணியிலுள்ள மருத்துவச்சி ஆண்டுக்கு ஒரு துண்டோ இரண்டோ எடுத்துக்கொள்ளலாம். பிறந்த குழந்தையை முழுமையாகச் சோதித்தறிதல் என்பது ஒரு துண்டு. பாடத்தைச் சில நாள் கல்லூரியிலோ வீட்டிலோ கற்கிறார். சோதிப்பதைத் தாம் வேலை செய்யும் மருத்துவமனையிலேயே, மூத்தவர் ஒருவர் அருகில் நிற்க, குழந்தை குழந்தையாகச் செய்து பழகுகிறார். அதுபோக மூன்றாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்கையில், 450 மணி நேரம் பணி செய்ததையும் 35 மணி நேரம் புதிதாகக் கற்றதையும் காட்டியாக வேண்டும். இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. புத்தகம் படிக்கும் நேரமும் இடமும் வளைகின்றன, கைப்பழக்கம் வளையவில்லை. நம் சகோதரி கேட்ட கேள்விக்கு இதுவே விடை என்று எண்ணுகிறோம். பிரசவ அறை அவர் நிற்கும் இடத்திலேயே இருக்கிறது. பாடநூலையும் வழிகாட்டும் ஆசிரியையையும் அங்கே கொண்டுவர வேண்டும். அவர் கற்ற ஒவ்வொரு துண்டையும் தொலையாமல் கணக்கில் சேர்த்து வைக்க வேண்டும். சேமிப்புக் கணக்கில் பணம் சேர்ப்பதுபோல என்று சொன்னால் நம் தாய்மார்க்கு எளிதில் விளங்கும். மாமியார் நோயால் ஓராண்டு நின்றுபோனாலும் போட்டது போகாது.

இத்தகைய படிப்புக்கு 'நெகிழ்வான படிப்பு' என்று பெயர் சூட்டுகிறார்கள். பெயர் அழகாகத்தான் இருக்கிறது. நமக்கு ஓர் அச்சமும் உண்டு. பகலெல்லாம் பணி, மாலையில் சமையல், பிள்ளைகள் உறங்கியபின் பதினொரு மணிக்குப் புத்தகம், மறுநாள் அதிகாலைப் பணி என்று அமைந்துவிட்டால், நெகிழ்ந்தது படிப்பன்று, அப்பெண்ணின் முதுகெலும்பு. உறங்காத கண்ணோடு குருதிப்போக்கைக் கண்காணிக்க வைப்பதில் யாருக்கு நன்மை? ஆகவே வாரத்தில் ஒரு நாளையேனும் படிப்புக்கென்று மருத்துவமனை பணியாகவே கணக்கிட வேண்டும். எஞ்சிய சுமையில் ஒரு பங்கை வீடும், ஒரு பங்கை நம்மைப் போன்ற சங்கங்களும் ஏற்க வேண்டும். அரசாங்கம் செய்ய வேண்டியதை அரசாங்கத்திடம் எழுதிக் கேட்கலாம். அதற்கு மனு எழுதித் தர நாம் இருக்கிறோம். சங்கம் செய்ய வேண்டியதை இங்கேயே பேசிவிடலாம்.

நம் சங்கத்தில் கல்வி நிதி இருக்கிறது. உறுப்பினரின் பிள்ளைகளுக்கு மட்டும், இருபத்தொரு வயது வரை, என்பது துணைவிதி. அவ்விதி எழுதப்பட்ட காலத்தில், மணமான பெண் மறுபடி படிப்பாள் என்று எழுதியவர்கள் நினைத்திருக்க மாட்டார்கள், அதில் குற்றமில்லை. பணியிலிருக்கும் மகளிர்க்கும் அந்நிதி உரியது என்று ஒரு வரி சேர்க்கும் தீர்மானத்தைச் செயற்குழுவில் வைத்தோம். பெரியவர் ஒருவர், 'சம்பளம் வாங்குகிறவருக்கு எதற்கு நிதி? ஏழைப் பிள்ளைக்கு அது குறையாதா?' என்று கேட்டார். தக்க கேள்வி, அவர் மீது நமக்கு மரியாதை உண்டு. ஏழைப் பிள்ளையின் பங்கில் ஒரு காசும் குறையலாகாது என்று நாமும் சொல்கிறோம். ஆகையால் இத்தலைப்புக்குத் தனியே நன்கொடை திரட்டலாம் என்று தீர்மானத்தைத் திருத்தியிருக்கிறோம். தொகையும் பெரிதன்று, புத்தகத்துக்கும், தேர்வுக் கட்டணத்துக்கும், பயணத்துக்கும் மட்டும்.

பணத்தைவிட அரியது நேரம். நம் வாசகசாலை இரவு எட்டு மணிக்குப் பூட்டப்படுகிறது. எட்டு மணிக்கு முன் எந்தத் தாய்க்கு ஓய்வு? பத்தரை மணி வரை திறந்து வைக்கலாம். சாவியை வாரத்துக்கு ஒருவர் என்று முறை வைத்துக்கொள்ளலாம். முதல் வாரம் நம்முடையது. ஞாயிறு காலையில் குழந்தைகளுக்குத் தமிழ் வகுப்பு நடக்கிறது. அதை மதியம் வரை நீட்டி, சித்திரமோ கேரமோ ஏதேனும் வைத்தால், படிக்கும் தாய்க்கு நான்கு மணி நேரம் கிடைக்கும். மாதர் பிரிவின் தலைவியார் இதைக் கேட்டதும், 'சாப்பாட்டையும் போட்டே அனுப்புகிறோம்' என்றார். கோலப் போட்டிக்குப் பரிசு வாங்கக் கடைக்குப் போவதைவிட இது எளிது என்றும் சொன்னார். ஆங்கில ஆராய்ச்சிக் கட்டுரைகளைப் படிப்பதில் நர்ஸ் அம்மாமார்க்குத் தயக்கம் இருக்கிறது. அவற்றைச் சேர்ந்து படித்துப் பொருள் சொல்ல நம் ஓய்வுபெற்ற ஆசிரியர் இருவர் முன்வந்திருக்கிறார்கள். மருத்துவம் தெரியாதவர்கள்தாம். 'இலக்கணம் எங்களுக்கு, கருப்பை அவர்களுக்கு' என்று அவர்களே நகைத்தார்கள்.

இத்தனையும் ஒரு சகோதரிக்காகவா என்று கேட்பீர்கள். கணக்கெடுத்தோம். நம் காலனியிலும் அடுத்த இரண்டு காலனிகளிலும் மட்டும் பதினோரு தமிழ்ச் செவிலியர் இருக்கிறார்கள். அவர்களுள் நால்வர் பிரசவ அறையில். சென்ற ஆண்டு நம் காலனியில் பிறந்த குழந்தைகளில் எத்தனைபேர் இந்நால்வர் கையில் முதலில் விழுந்தவர்கள் என்று முன்வரிசையில் மடியில் இருக்கும் சிறியவர்களைக் கேட்டால் தெரியும். அவர்கள்தான் பேச மறுக்கிறார்கள்.

பெரியவள் பத்தாம் வகுப்புத் தேறிவிட்டாள். மாமியாருக்கு முழங்கால் அறுவை முடிந்து, சென்ற வாரம் கைத்தடியின்றிக் கோயில் வரை நடந்தார். சகோதரி இவ்வாண்டு முதுநிலை நுழைவுத் தேர்வுக்கு விண்ணப்பித்திருக்கிறார். துண்டு துண்டாகப் படிக்கும் வழி இங்கே இன்னும் அவர் கைக்கு எட்டவில்லை. ஆகவே இரண்டாண்டு முழுநேரப் படிப்பையே மறுபடி எண்ணித் துணிந்திருக்கிறார். படிப்பு விடுப்பு மனுவை நாமே எழுதியிருக்கிறோம். 24 மாதமும் ஒரே தடவையில் வேண்டும் என்று கேட்டு, விதியிலுள்ள அந்த ஒரு சொல்லை மேற்கோள் காட்டி, அடியில் கோடும் இட்டிருக்கிறோம். மனு நாளைக் காலை பத்து மணிக்கு அவருடைய அலுவலகத்தில் சேரும். நம் தீர்மானம் அடுத்த மாதம் முதல் ஞாயிறன்று பொதுக்குழுவுக்கு வருகிறது. அன்று மாலை நான்கு மணிக்கு அனைவரும் தவறாது வந்திருக்க வேண்டுகிறோம்.